ஒப்பேத்தி போட்ட காற்றுக் குழாய்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கு ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு பெட்டிக்குள் கிடந்தது. பட்டறைத் தெரு முழுக்க அவனை ஒப்பேத்தி என்றுதான் கூப்பிட்டது. இருக்கிறதை வைத்து இல்லாததைச் சமாளித்து, ஒட்டி, முடிந்து, கட்டி எப்படியோ வேலையை ஒப்பேற்றி விடுகிறவனுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? பட்டறைக் கதவு இழுக்க வராமல் மக்கர் செய்தது. சைக்கிள் செயினைக் கோத்து இழுவை போட்டான். வீட்டில் மிக்ஸியின் மூடி உடைந்தது. அவ்வளவுதான், அதன் மோட்டார் மறுவாரமே பட்டறையில் கம்பிக்கு மெருகு தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி கையால் இடித்துச் சமைத்தாள். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று அவன் தன்னைத்தானே மெச்சிக்கொள்வான். "ஆமாண்ணே, அந்தப் புல்லையும் அடுத்தவன் தோட்டத்துல புடுங்கிட்டு வர்ற ஆளு நீங்க" என்பார் எதிர்ப்பட்டறைக் குழாய்க்காரர்.

கஞ்சன் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். சும்மா சொல்லக்கூடாது, கஞ்சன் இல்லை அவன். பசி என்று வந்தவனுக்குத் தன் சாப்பாட்டுத் தூக்கைத் தள்ளிவிடுவான். ஆனால் கடையில் போய்ப் புதுச் சாமான் ஒன்றுக்கு முழு விலை கொடுப்பது மட்டும் அவனுக்குத் தோல்வி மாதிரி. காசு போனதே என்றுகூட இல்லை. தன் மூளை தோற்றுவிட்டதே என்று மூன்று நாள் சோறு இறங்காது.

அவனுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் வீட்டில் பிள்ளை இல்லாத குறையும் இல்லை. கல்யாணம் முடிந்து புதுப்பெண் வாசற்படி ஏறியபோது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாண்டும் ஏறியது. அவளுடைய தம்பி. தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். தகப்பன் இன்னொருத்தியோடு எங்கேயோ போனவன் போனவன்தான். அக்காதான் அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து வளர்த்தவள். "எனக்கு வந்த ஒரே சீர்வரிசை இவன்தான்யா, அதுவும் நிறைய சாப்பிடுற சீர்வரிசை" என்று ஒப்பேத்தி ஊரெல்லாம் கேலி பேசினான். பேசிக்கொண்டே அவனைத் தோளில் தூக்கிச் சுமந்தான்.

மச்சினன் வளர்ந்து பட்டறைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தகட்டின்மேல் ஒரே இழுப்பில் கொடி போடுவான், கொடியில் இலை போடுவான், இலைக்கு நரம்பு போடுவான். அளவுகோல் கிடையாது, அச்சு கிடையாது. போட்ட கோட்டின்மேல் அப்படியே வெட்டிக்கொண்டு போவான். அந்தப் பட்டறையின் கேட்டுகளும் மாடிப்படிக் கைப்பிடிகளும் தெருத் தெருவாக நின்றதற்கு அந்தக் கைதான் காரணம். ஒப்பேத்தி வெட்டினால் எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். அது அவனுக்கும் தெரியும். "நான் ஒட்டுறவன், அவன் வெட்டுறவன்" என்று வருகிறவர்களிடம் பெருமையாகவே சொல்வான்.

கேஸ் வைத்து வெட்டிக்கொண்டிருந்த காலம் போய், ஒருநாள் பழைய பிளாஸ்மா மெஷின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். மின்சாரத்தையும் அழுத்திய காற்றையும் சேர்த்து, டார்ச்சின் நுனியில் ஊசி மாதிரி ஒரு நெருப்பை உண்டாக்கித் தகட்டை அறுக்கிற மெஷின். மச்சினனுக்குக் கண்ணில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. முதல் நாள் வெட்டினான் பாருங்கள், நூலால் சோப்பை அறுத்த மாதிரி இருந்தது. அக்காவைக் கூட்டிவந்து காட்டினான். அவள் விரலால் தடவிப் பார்த்து, "இது இரும்பாடா?" என்று கேட்டாள்.

அந்தச் சந்தோஷம் மழைக்காலம் வரைக்கும்தான்.

மழை பிடித்ததும் மெஷின் எச்சில் துப்ப ஆரம்பித்தது. நெருப்பு நடுங்கியது, படபடவென்று வெடித்தது, வெட்டின ஓரமெல்லாம் கசடு கட்டியது. டார்ச் நுனியில் ஒரு சின்னச் செம்பு மூக்கு மாட்டுவார்கள்; கடையில் அதை நாசில் என்பார்கள். வாரக்கணக்கில் உழைக்க வேண்டிய நாசில் ஒரே நாளில் ஓட்டை கோணலாகித் தீய்ந்து போனது. காற்றை இழுத்து அழுத்தித் தருகிற மெஷின் கம்ப்ரசர்; அது இழுக்கிற காற்றில் ஈரம் இருக்கும். அழுத்தும்போது சூடாகி ஆவியாகவே போகும். குழாயில் போகப்போக ஆறித் தண்ணீராகும். அந்தத் தண்ணீர் நெருப்பின் வாயில் போய் விழுந்தால் வேறு என்ன ஆகும்?

"மாமா, காத்து நனைஞ்சு வருது. ஒரு டிரையர் வாங்கிடலாம்" என்றான் மச்சினன்.

காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரித்துத் தள்ளுகிற பெட்டி அது. கடையில் விலை கேட்டுவிட்டு வந்த ஒப்பேத்தி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். "மெஷினையே அதுல பாதி விலைக்குத்தானேடா வாங்கினோம்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? மாமன் இருக்கேன்ல. காத்தை நான் காய வைக்கிறேன், நீ வெட்டு."

காய வைத்தான் ஐயா. பழைய இரும்புக்கடையில் செத்த ஃபிரிட்ஜைப் பிரித்துச் செம்புச் சுருளை எடுத்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் அதை முக்கி, அது வழியாகக் காற்றை விட்டான். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. செருப்புக்கடை செருப்புக்கடையாக ஏறி, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுவதற்குப் போட்டு வருகிற சின்னச்சின்னப் பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அவன் மனைவி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து மணிகளைக் கொட்டினாள். அதை ஒரு குப்பிக்குள் அடைத்துக் காற்றின் பாதையில் வைத்தார்கள். மணிகள் ஈரம் குடித்து அலுத்துப்போனால் அவள் பழைய வாணலியில் போட்டு வறுத்துக் கொடுப்பாள். "கட்டினவனுக்கு வறுத்துப் போடுறதுக்கு எத்தனையோ இருக்கு, நான் கல்லை வறுக்கிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சிரிப்பாள். ஆனால் சிரித்துக்கொண்டே வறுத்தாள். தம்பி கையில் இருக்கிற நெருப்பு நடுங்கக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

அதுவும் போதவில்லை. கடைசியில் குழாய்க்காரர்தான் வழி சொன்னார். காற்று நீளமாக நடந்து போக வேண்டும். நடக்க நடக்க ஆறும். ஆறினால் தண்ணீர் தானே கழன்று விழும். குழாயைச் சுவரெல்லாம் சுற்றி, கம்ப்ரசர் பக்கமாகச் சாய்வு கொடுத்துப் போட்டு, கிளை எடுக்கிற இடத்தில் குழாயின் முதுகிலிருந்து எடுத்து, அடியில் வால் மாதிரி ஒரு துண்டுக் குழாயைத் தொங்கவிட்டு வால்வு வைத்தால் முக்கால்வாசி ஈரம் அங்கேயே நின்றுவிடும் என்று கரியால் சுவரில் படம் போட்டுக் காட்டினார்.

ஒப்பேத்திக்குப் புரிந்துவிட்டது. பட்டறையின் நாலு சுவரையும் ஒருமுறை பார்த்தான். இரும்புக் குழாய்க்குக் கணக்குப் போட்டான். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் குழாய்களைப் பார்த்தான். இடிக்கிற வீடு ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த தண்ணீர்க் குழாய்கள். பிளாஸ்டிக்.

"இது இருக்கே!"

"அண்ணே, அது தண்ணிக்கு" என்றார் குழாய்க்காரர்.

"பத்து கிலோ அழுத்தம் தாங்கும்னு குழாய் மேலேயே அச்சடிச்சிருக்கான் பாரு. நம்ம கம்ப்ரசர் எட்டுக்கு மேல போகாது. எட்டு பெருசா, பத்து பெருசா?"

"கணக்கு சரிதான். ஆனா காத்துக்கு யாரும் இதைப் போடறதில்லையே."

"யோவ், தண்ணியைத் தாங்குறது காத்தைத் தாங்காதா? ஒரு குடம் தண்ணியைத் தூக்கிப் பாரு, ஒரு குடம் காத்தைத் தூக்கிப் பாரு. எது கனம்?"

குழாய்க்காரர் சிரித்துவிட்டார். "ஆழம் தெரியாம காலை விடாதீங்க. சொல்றதைச் சொல்லிட்டேன்" என்று எழுந்து போய்விட்டார்.

குழாய் ஏறியது. தகரக் கூரையை ஒட்டிச் சுவரைச் சுற்றி வெள்ளையாக, சாய்வாக, பசை போட்டு ஒட்டி, கடைசியில் வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் தலை உயரத்துக்கு வளைந்து இறங்கியது. அதன் முடிவில் ஒரு கண்ணாடிக் கிண்ணி. மிச்சம் மீதி ஈரம் வந்தால் அதில் தெரியும். கம்ப்ரசரை ஓட்டினார்கள். கீழே வால்வைத் திறந்தால் சளசளவென்று தண்ணீர். மேலே கிண்ணியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. மச்சினன் டார்ச்சை எடுத்து ஒரு கொடியை வெட்டினான். முதல் நாள் வெட்டின அதே வெட்டு.

"மாமா, நீங்க இருக்கீங்களே!" என்று அவன் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஒப்பேத்தியைக் கையில் பிடிக்க முடியவில்லை. பட்டறைத் தெருவில் ஒருவனையும் விடவில்லை. இழுத்துக்கொண்டு வந்து காட்டினான். வந்தவர்களும் வாய் பிளந்தார்கள். மழைக்காலம் போனது, பனிக்காலம் போனது, நாசில் மாதக்கணக்கில் உழைத்தது. மச்சினனுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வேலை வந்தது. அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டினான். அக்கா அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாள். அந்த வீட்டுக்கு அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

ஆனால் கூரைத் தகரத்தை ஒட்டி ஓடிய அந்தக் குழாயைப் பகல் முழுக்க வெயில் வேகவைத்தது, ராத்திரி குளிர் இறுக்கியது, உள்ளே கம்ப்ரசரின் சூட்டுக் காற்று தட்டிக்கொண்டே இருந்தது. அது உள்ளுக்குள்ளே அப்பளம் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. என்ன செய்வது, பாழாய்ப்போன பொருள், நோய் வந்தால் சொல்லாது.

கோடையில் ஒரு பகல். மச்சினன் ஒரு பெரிய கேட்டுக்கு இலை வெட்டி முடித்தான். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஓரம் எப்படி வந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தான். பார்க்காத வேலைக்காரன் உண்டா? அந்த நேரத்தில் தலைக்குப் பக்கத்து வளைவு வெடித்தது.

சத்தம் கேட்டு, கம்ப்ரசர் தொட்டிதான் வெடித்துவிட்டது என்று ஒப்பேத்தி தரையில் விழுந்து படுத்தான். கம்ப்ரசர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காற்று ஓவென்று கத்தியது. தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு மாதிரி வெள்ளைத் துண்டுகள். மச்சினன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் முகமாக இல்லை.

"மாமா," என்றான் மெதுவாக, "கரண்டு போயிடுச்சா?"

உச்சி வெயில் வாசல் வழியாக அவன் காலடியில் விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில், இடது கண் போய்விட்டது என்று உடனே சொல்லிவிட்டார்கள். வலது கண்ணைச் சொல்ல முடியாது என்றார்கள். உள்ளே துண்டு இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரும்புத் தூளாக இருந்தால் எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரியும், பிளாஸ்டிக் தெரியாது என்றார் கண் டாக்டர். கட்டுப்போட்டுப் படுக்கவைத்துத் துழாவித் துழாவி எடுத்தார்கள். இரண்டு கண்ணும் கட்டிக் கிடந்தவன் அக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஒண்ணு போதும்க்கா. வெட்டுறதுக்கு ஒரு கண்ணு போதும். அதுவும் இல்லேன்னா என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுங்க. நான் எதுக்கு அப்புறம்?"

"வாயைக் கழுவு" என்றாள் அக்கா. வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

குழாய்க்காரர் பார்க்க வந்திருந்தார். நடைபாதையில் ஒப்பேத்தி பைத்தியம் பிடித்தவன் மாதிரி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்: "இரும்புக் குழாய் போட்டுடறேன். நாளைக்கே போட்டுடறேன்."

"இனிமே போட்டு என்னண்ணே? கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்" என்றார் குழாய்க்காரர். ஆயிரம் தடவை ஆயிரம் இடத்தில் சொல்லிப் பழகின வார்த்தை, நாக்கில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்று உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒப்பேத்தியின் மனைவி திரும்பிப் பார்த்தாள். "அந்தக் குழாய் ஆகாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தண்ணின்னா விரிசல் விட்டா ஒழுகும், அதோட போச்சு. காத்து அப்படியில்லம்மா, சுருட்டி வச்ச ஸ்பிரிங் மாதிரி. விட்டா குழாயையே எறியும். இவ்வளவு விவரம் அன்னைக்கு எனக்கும் தெரியாது. ஆனா ஆகாதுன்னு சொன்னேன்மா."

அவள் கணவன் பக்கம் பார்த்தாள். அவன் மறுப்பான் என்று ஒரு கணம் காத்திருந்தாள் போலிருக்கிறது. அவன் மறுக்கவில்லை. கத்துவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டில் தட்டை வைத்துவிட்டு, "சோறு இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவன் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவான்.

வலது கண் பிழைத்தது. கட்டு அவிழ்த்த அன்று மச்சினன் முதலில் பார்த்தது அக்காவை; பார்த்துச் சிரித்தான். வீட்டுக்கு வந்து தேறுவதற்குள் ஒப்பேத்தி பட்டறையைத் தலைகீழாக மாற்றிவிட்டான். மிச்சமிருந்த வெள்ளைக் குழாயை ஒரு துண்டு விடாமல் பிடுங்கி உடைத்து எறிந்தான். மோட்டார் சைக்கிளை விற்றான். இரும்புக் குழாய் போட்டான். கடைக்குப் போய்ப் புது டிரையருக்குப் பேரம் பேசாமல் முழு விலை கொடுத்தான். கடைக்காரருக்கே சந்தேகம் வந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டாராம். டார்ச்சின் முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக் காற்றை ஊதவிட்டுப் பார்த்தான். ஒரு பனிப்புகைகூடப் படியவில்லை. அவ்வளவு காய்ந்த காற்று அந்தத் தெருவிலேயே எந்தப் பட்டறையிலும் கிடையாது.

மச்சினன் திரும்பி வந்தான். டார்ச்சைக் கையில் எடுத்தபோது கை நடுங்கவில்லை. சுண்ணாம்புக் கோடு பழைய மாதிரியே வந்தது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நெருப்பைப் பற்றவைத்தான்.

தகட்டுக்கும் நாசிலுக்கும் நடுவில் ஒரு காசு கனத்துக்கு இடைவெளி விட்டுப் போக வேண்டும். கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. அந்தக் காசு கனத்தை இரண்டு கண்ணும் சேர்ந்துதான் அளக்கும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தெரியும். மச்சினன் இரண்டு விரற்கடை போனான், நாசில் தகட்டில் போய் இடித்தது. நெருப்பு பக்கவாட்டில் பீறிட்டது. எடுத்து மறுபடி வைத்தான். இப்போது இடைவெளி கூடி நெருப்பு அணைந்துபோனது. மறுபடி வைத்தான், இடித்தது. நாசில் உருகிக் கோணலாகிவிட்டது. தகட்டில் வந்த இலையை ஒப்பேத்தி வெட்டியதென்றே சொல்லலாம்.

மறுநாள் ஒப்பேத்தி டார்ச்சுக்குச் சின்னச் சக்கரம் ஒன்று செய்து மாட்டிக் கொடுத்தான். உருட்டிக்கொண்டே போனால் இடைவெளி மாறாது. மச்சினன் அதைப் பார்த்தான். கழற்றிச் சுவரில் விட்டெறிந்தான். "குருடனுக்குக் கைத்தடி குடுக்கிறீங்களா மாமா?" என்றான். அவன் மாமாவிடம் குரல் உயர்த்தினது அதுதான் முதல் தடவை. பிறகு தன் குரலுக்குத் தானே பயந்தவன் மாதிரி, தீய்ந்த நாசிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காத்து நனைஞ்சு வருதா மாமா? அன்னைக்கு மழையில தீஞ்சதே, அதே மாதிரி இருக்கு."

இல்லை. அதே மாதிரி இல்லை. ஈரத்தில் தீய்ந்தால் ஓட்டை அரித்துப் போகும். இடித்துத் தீய்ந்தால் பக்கம் உருகும். ஒப்பேத்திக்கு அது நன்றாகவே தெரியும். மச்சினனின் ஒற்றைக் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாடா மாப்ளே" என்றான் ஒப்பேத்தி. "ஈரம்தான். அந்த டிரையர்க்காரன் நம்ம தலையில மிளகாய் அரைச்சுட்டான். சரி பண்ணிடலாம், நீ வெட்டு."

மச்சினன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகு அவனால் அந்தப் பொய்யை விட முடியவில்லை.

ஆனால் பொய்க்குச் சாட்சி வேண்டுமே! புதுக் குழாயின் முடிவில் மறுபடி மாட்டியிருந்த கண்ணாடிக் கிண்ணி சுக்காகக் காய்ந்து கிடந்தது. மறுநாள் காலை மச்சினன் வருவதற்கு முன்பே ஒப்பேத்தி பட்டறைக்குப் போனான். கிண்ணியைக் கழற்றினான். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, அதில் ஒரு வாய் அளவு கிண்ணிக்குள் ஊற்றித் திரும்ப முடுக்கினான். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்க ஃபிரிட்ஜைப் பிரித்து, செருப்புக்கடைப் பொட்டலம் பொறுக்கி, அந்தப் பிள்ளையின் கண்ணையும் கொடுத்தவன், இப்போது உட்கார்ந்து காற்றுக்குத் தண்ணீர் ஊற்றினான். விதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவன் செய்ததுக்கு அவன்தான் ஊற்ற வேண்டும்.

ஒருநாள் காலை ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் தட்டியது. திரும்பினால் மனைவி. தம்பியின் மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போக வந்தவள், டம்ளரையும் கிண்ணியையும் பார்த்தாள். அவளுக்குக் குழாயும் தெரியாது, நாசிலும் தெரியாது. ஆனால் கல்லை வறுத்துக் கொடுத்தவள், ஈரம் என்றால் என்ன என்று தெரிந்தவள். அவன் திருடன் மாதிரி நின்றான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். "அவன் நம்பணும்."

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசின முதல் வார்த்தை அது. சாப்பாட்டுத் தூக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் கிண்ணிக்குள் இன்னும் ஒரு வாய் ஊற்றினான்.

இப்படியே ஓடியது. காலையில் ஒப்பேத்தி ஊற்றுவான். மச்சினன் வந்து கிண்ணியைப் பார்த்து, "இன்னைக்கும் தண்ணி" என்று டிரையர்க்காரனைத் திட்டுவான். ஒப்பேத்தியும் சேர்ந்து திட்டுவான். பிறகு மச்சினன் வெட்டுவான், கெடுப்பான், நாசில் தீயும். முன்பு ஒரு நாசிலுக்காக உலகத்தையே திட்டித் தீர்த்த ஒப்பேத்தி, இப்போது பை நிறைய வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கெட்டுப்போன தகடுகளை மச்சினன் வீட்டுக்குப் போன பிறகு சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து ஆளாக்கினான். வருகிற வேலை குறைந்துகொண்டே வந்தது. வீட்டில், "காத்து சரியாயிடுச்சுன்னா பழையபடி ஆயிடும்க்கா" என்று மச்சினன் சொல்வான். அக்கா, "ஆகும்டா தம்பி" என்பாள்.

ஒருநாள் மச்சினன் வழக்கத்தைவிட மெதுவாகக் கிண்ணியைக் கழற்றினான். உள்ளே இருந்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். விரலை நனைத்து மூக்கருகே கொண்டு போனான். பிறகு நாக்கில் வைத்தான்.

"மாமா, உட்காருங்க."

ஒப்பேத்தி கவிழ்த்துப் போட்ட டப்பாவின்மேல் உட்கார்ந்தான்.

"கம்ப்ரசர்லேர்ந்து வர்ற தண்ணி பால் மாதிரி கலங்கி இருக்கும். எண்ணெய் வாடை அடிக்கும். இந்த மெஷின் வந்த நாள்லேர்ந்து நான் திறந்து விட்ட தண்ணி மாமா அது." கிண்ணியை நீட்டினான். "இது குடிதண்ணி. நம்ம பானைத் தண்ணி."

எல்லாவற்றையும் ஒப்பேற்றியவன், ஒரு சொட்டு எண்ணெய் விட மறந்துவிட்டான்.

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே."

பட்டறைக்கு வெளியே யாரோ தகடு இறக்கும் சத்தம் கேட்டது. ஒப்பேத்தி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். சத்தம் போட்டு அழுதான். "என் கண்ணைப் புடுங்கிக்கடா. இந்தா, ரெண்டையும் எடுத்துக்க. எடுத்துக்கடா."

"உங்க கண்ணை வச்சு நான் என்ன பண்றது? நீங்க ரெண்டையும் வச்சுக்கிட்டே ஒரு கோடு நேரா வெட்டினதில்ல" என்றான் மச்சினன். சிரிக்கத்தான் பார்த்தான். பாதியில் அவன் உதடு கோணிக்கொண்டது. கிண்ணியைத் துடைத்து மாட்டிக்கொண்டே கேட்டான்: "அக்காவுக்குத் தெரியுமா, நீங்க ஊத்துறது?"

"தெரியும்."

"எனக்குத் தெரியும்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம் மாமா. நான் இன்னும் நம்பிட்டு இருக்கேன்னுதான் அவ காலையில எழுந்திருக்கிறா."

அவன் டார்ச்சை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தான். ஒப்பேத்தி வேண்டாம் என்று தலையாட்டினான். மச்சினன் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தான். பிறகு தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மாமாவின் முகத்தில் மாட்டிவிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் தகட்டின்மேல் ஒரு கொடி போட்டான்.

இப்போது அந்தப் பட்டறையில் கோடு போடுவது அவன், வெட்டுவது ஒப்பேத்தி. எலி கடித்த மாதிரிதான் வருகிறது; தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்கிறார்கள். மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு அக்கா தெருமுனையில் திரும்பும்போது மச்சினன் மாமாவின் தோளைத் தட்டுவான். ஒப்பேத்தி எழுந்து இடம் விடுவான். அவள் வாசலுக்கு வரும்போது டார்ச் தம்பியின் கையில் இருக்கும்.